சட்டப்படற் பாலமும் அதன் சோதனையும்

மலைநாட்டில் ஆறு கடவாமல் ஓரூரிலிருந்து மற்றோரூருக்குச் செல்லுதல் அரிது. பூண்டுலோயா என்னும் பெயரின் ஈற்றில் நிற்கும் 'ஓயா' என்பதே ஆற்றைக் குறிக்கும் சிங்களச் சொல்லாகும். அவ்வாறு கொத்மலை ஓயாவிற் கலந்து, அதன் வழியே மகாவலியை அடைகின்றது. காலையிற் கணுக்காலளவு ஓடிய நீர் மாலையில் இடுப்பளவாகப் பெருகுவதையும், லயங்களிலிருந்து பள்ளிக்குப் புறப்பட்ட பிள்ளைகள் ஓடையின் அக்கரையில் நின்று திரும்புவதையும் இம்மலரைப் படிக்கும் பழைய மாணவர் பலர் தம் இளமையிற் கண்டிருப்பர். ஆதலின் பாலத்தைப் பற்றிய பாடம் நம் ஊருக்குப் புறம்பான விடயமன்று.

தமிழ் கற்பிப்போன் ஒருவன் பாலங்கட்டும் துறையிற் புகுதல் தகுமோ எனச் சிலர் வினவலாம். இணைந்த கணிதம் பயிலும் மாணாக்கர் சட்டப்படல் என்றும், இழுவை என்றும், உதைப்பு என்றும், தகைப்பு வரிப்படம் என்றும் எழுதுகின்றனர். இவை யாவும் தமிழ்ச் சொற்கள். இவற்றின் பொருளை ஏட்டிற் கண்டவர் பலர். கையிற் கண்டவர் சிலரே. போ என்னும் அறிஞர் 1873 ஆம் ஆண்டில் வகுத்த குறிப்பீட்டைப் பிழையறக் கையாண்டு விடை எழுதும் மாணவனிடம் ஒரு மெல்லிய குச்சியைக் கொடுத்து, 'இதனை இரு முனையிலும் அழுத்தினால் எங்கே கெடும்?' என்று கேட்டால், அவன் வாளாவிருக்கக் காண்கின்றோம். சொல்லைக் கற்பிப்பவனுக்குச் சொல்லின் பொருளையும் காட்டும் கடமை உண்டு என்பதே இக்கட்டுரைக்கு யான் கூறும் நியாயம்.

மாணாக்கர் ஐவர் அல்லது அறுவர் ஒரு குழுவாகக் கூடிச் சிறு பாலம் ஒன்றை வரைந்து, கணித்து, செய்து, சுமையேற்றி, முறித்துப் பார்த்தல் வேண்டும். முறித்துப் பார்த்தல் என்பதை வற்புறுத்துகின்றேன். கண்காட்சிக்கென வர்ணம் பூசிக் கண்ணாடிப் பெட்டியுள் அடைக்கப்படும் மாதிரிப் பாலம் பார்வைக்கு இனியது. ஆயினும் அதனாற் கற்கப்படுவது சிறிதே.

சட்டப்படல் நமக்குப் புதிதன்று. ஓட்டுக் கூரையை உள்ளிருந்து அண்ணாந்து நோக்குக. இரு கைமரங்கள் சரிந்து உச்சியிற் கூடுகின்றன. அவற்றின் அடிகள் இரண்டையும் ஒரு மரம் கிடையாக இணைக்கின்றது. கூரையின் பாரம் கைமரங்களை அழுத்துகின்றது. அவற்றின் அடிகள் சுவரைத் தள்ளிக்கொண்டு விலகப் பார்க்கின்றன. கிடைமரம் அவ்விரண்டையும் இழுத்துப் பிடித்து நிற்கின்றது. இக்கிடைமரத்தைத் தீராந்தி என்று வழங்குவர். அது போர்த்துக்கேயரிடமிருந்து வந்த சொல். அம்மொழியில் அதன் வேர் இழுத்தலைக் குறிக்கும். தச்சர் வாயில் நூற்றாண்டுக் கணக்காக வழங்கிய சொல்லுக்குள்ளேயே இழுவை என்னும் கணிதப் பொருள் அடங்கியிருத்தல் வியப்புக்குரியது.

நான்கு குச்சிகளை முனைக்கொரு சிற்றாணியால் இணைத்துச் சதுரமாக்கித் தள்ளினால், அது சாய்ந்து சரிசதுரமாகும். மூன்று குச்சிகளை அவ்வாறே இணைத்தால் முக்கோணம் உருமாறாது. உருமாற வேண்டுமாயின் ஒரு குச்சி நீளவோ குறுகவோ முறியவோ வேண்டும். சட்டப்படற் பாலம் என்பது இம்முக்கோணங்களின் தொடர்ச்சியேயன்றி வேறன்று. ஒரு தளத்திலுள்ள சட்டம் உறுதியாய் நிற்கத் தேவையான கோல்களின் எண்ணை அறிவதற்கு எளிய கணக்கொன்றுண்டு: மூட்டுக்களின் தொகையை இரட்டித்து மூன்றைக் கழித்தல் வேண்டும். அவ்வெண்ணுக்குக் குறைந்தால் சட்டம் ஆடும். எண் சரியாக இருந்தும் கோல்கள் உரிய இடத்தில் அமையாவிடின் ஆடும் என்பதையும் மறத்தலாகாது.

இனி ஓர் எடுத்துக்காட்டு. அறுபது சென்ரிமீற்றர் இடைவெளியைக் கடக்கும் பாலத்தின் ஒரு பக்கச் சட்டத்தை எடுத்துக்கொள்வோம். கோல்கள் யாவும் 20 சென்ரிமீற்றர் நீளமுடையன. ஆதலின் முக்கோணங்கள் யாவும் சமபக்கமுடையன. கீழே அ, ஆ, இ, ஈ என நான்கு மூட்டுக்கள். மேலே ப, ம, வ என மூன்று. மூட்டு ஏழு; ஆகவே கோல் பதினொன்று வேண்டும். கீழே மூன்று, மேலே இரண்டு, சரிவாக ஆறு, கணக்குப் பொருந்துகின்றது. அ, ஈ என்னும் முனைகள் மேசைகளின் மேல் இருக்க, ஆ, இ என்னும் இரு மூட்டுக்களிலும் ஆறு ஆறு கிலோகிராம் தொங்கவிடுவோம். ஒவ்வொரு மேசையும் ஆறு கிலோகிராம் தாங்கும்.

மூட்டு மூட்டாகச் சமநிலை பார்த்தால் விளைவது இது. முனையிலுள்ள சரிவுக்கோல் அப ஏறத்தாழ 6.9 கிலோகிராம் உதைப்பைத் தாங்கும். அடுத்த சரிவுக்கோல் பஆ அதே அளவு இழுவையைத் தாங்கும். மேற்கோல்கள் பம, மவ என்பன 6.9 உதைப்பு, கீழ்க்கோல்களில் நடுவிலுள்ள ஆஇ 6.9 இழுவை, கரையிலுள்ள இரண்டும் 3.5 இழுவை. மறுபாதி இதற்கு ஒத்தது. நடுவே ஆம, மஇ என்னும் இரு சரிவுக்கோல்களும் எஞ்சுகின்றன. அவற்றிலுள்ள தகைப்பு பூச்சியம்.

இவ்விடத்தில் மாணாக்கர் குழுவிற் கூர்மையான ஒருவன், 'பயனில்லாத கோல் இரண்டையும் நீக்கிப் பாலத்தின் எடையைக் குறைப்போம்' என்று சொல்லுதல் இயல்பு. ஆசிரியர் உடனே மறுத்தலாகாது. அவ்வாறு நீக்கிய பாலம் ஒன்றையும் நீக்காத பாலம் ஒன்றையும் செய்யும்படி விடுதல் வேண்டும். நீக்கிய பாலத்தின் நடுக்கட்டம் முக்கோணமன்று, நாற்கோணமாகிவிட்டது. இருபுறச் சுமையும் ஒத்திருக்குமளவும் அது நிற்கும். ஒருபுறம் சிறிது கூடினால் சாயும். அதனினும் நுண்ணிய கேடு மேலே உள்ளது. ப முதல் வ வரை 40 சென்ரிமீற்றர் நீளத்துக்கு நடுவிற் பிடிப்பின்றி ஒரே கோலாக உதைப்பைத் தாங்க வேண்டியதாயிற்று.

இதன் பொருள் விளங்க ஒரு துடைப்ப ஈர்க்கே போதும். ஓர் ஈர்க்கை இரு கையாலும் பிடித்து இழுத்துப் பாருங்கள், எளிதில் அறாது. அதனையே இரு முனையிலும் அழுத்துங்கள்; உடனே வில்லாக வளையும். அது நசுங்கவில்லை, நொறுங்கவில்லை, பக்கவாட்டில் நெளிந்துவிட்டது. இப்போது ஈர்க்கைப் பாதியாக ஒடித்து மீண்டும் அழுத்துங்கள். நெளியச் செய்வதற்கு இருமடங்கு விசையன்று, நான்மடங்கு வேண்டும். நீளம் பாதியானால் தாங்கும் உதைப்பு நான்மடங்காகும் என்னும் இவ்விதியை ஒயிலர் என்னும் கணித வல்லுநர் 1744 இல் வெளியிட்டார். ஆகவே பூச்சியம் என்று கணக்கிற் கண்ட இரு கோல்களும் சும்மா நிற்கவில்லை. மேற்கோலின் நடுவைப் பிடித்து, அது தாங்கும் உதைப்பை நான்மடங்காக்கி நிற்கின்றன.

இழுக்கப்படும் கோல் நேராகும். உதைக்கப்படும் கோல் நெளியும். பாலத்தின் அபாயம் பெரும்பாலும் உதைப்பைத் தாங்கும் கோலிலே குடியிருக்கின்றது. அக்கோல் முறிவதற்கு முன் நெளிந்து காட்டுகின்றது. அந்நெளிவைக் காணும் கண்ணைப் பெறுவதற்கே இச்சோதனை.

பெரும் பொறியியலாளரும் அந்நெளிவைக் கண்டும் காவாத வரலாறு ஒன்றுண்டு. கனடாவிலே, சென் லோரன்ஸ் ஆற்றின் மேல், கியூபெக் நகருக்கு அருகே, உலகிலேயே நீண்ட கண்ணுடைய உருக்குப் பாலம் ஒன்றை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் கட்டத் தொடங்கினர். முதலில் 1600 அடி எனத் திட்டமிட்ட நடுக்கண்ணைப் பின்னர் 1800 அடியாக நீட்டினர்; நீட்டியதற்கேற்பப் பாலத்தின் சொந்த எடையை உரிய வேளையில் மீளக் கணிக்கவில்லை. கீழ்ப்புறத்து உதைப்புக் கோல்கள் தகடுகளை இணையாக நிறுத்தி மெல்லிய குறுக்குச் சட்டங்களாற் பிணைத்துச் செய்யப்பட்டவை. 1907 ஆகஸ்து மாதத்தில் அவற்றுட் சில நெளியத் தொடங்கின. களத்தில் நின்ற இளம் பொறியியலாளர் நோர்மன் மக்லூர் அதனை அளந்து எழுதினார். ஒரு கோலின் வளைவு ஒரு கிழமைக்குள் முக்கால் அங்குலத்திலிருந்து இரண்டேகால் அங்குலமாகியிருந்தது. கோல் தொழிற்சாலையிலேயே வளைந்து வந்திருக்கக்கூடும் என்று வாதித்தோரும் இருந்தனர். மக்லூர் நியூயோர்க்குக்குச் சென்று தலைமை ஆலோசகரான தியடோர் கூப்பரிடம் தெரிவித்தார். இனிச் சுமை ஏற்றற்க என்று கூப்பர் தந்தி கொடுத்தார். அத்தந்தி உருக்கு நிறுவனத்தின் அலுவலகத்துக்குப் போயிற்று. ஆற்றின் மேல் நின்ற தொழிலாளருக்கு உரிய நேரத்தில் எட்டவில்லை. ஆகஸ்து 29 ஆம் நாள் மாலை, வேலை முடியும் தறுவாயிற் பாலம் வீழ்ந்தது. எழுபத்தைவர் மாண்டனர், அவருள் முப்பத்து மூவர் காணவாகே என்னும் ஊரைச் சேர்ந்த மோகாக் பழங்குடியினர். குறுக்குச் சட்டங்களின் வலிமைக் குறைவே கோல் நெளியக் காரணம் என்று விசாரணை கண்டது.

வளைவைக் கண்டவர் இருந்தார், அளந்தவர் இருந்தார், எழுதியவர் இருந்தார். 'நிறுத்து' என்று அவ்விடத்திலேயே சொல்லும் அதிகாரமுடையவர் இருந்திலர். மாணாக்கர் குழுவில் வேலையைப் பகிரும்போது இதனை மனத்திற்கொள்ள வேண்டும். வரைபவன், கணிப்பவன், வெட்டுபவன், ஒட்டுபவன், சுமையேற்றுபவன் என்று பகிர்ந்தபின் ஒருவனைப் பார்வைக்கென்றே நிறுத்துக. அவன் கையிற் குறிப்பேடும் அளவுகோலும் அன்றி வேறொன்றும் இருத்தலாகாது. அவன் கையுயர்த்தினால் சுமையேற்றுதல் நிற்க வேண்டும். குழுவில் வயதில் இளையவனையோ, நாணிப் பேசாத மாணவியையோ இவ்வேலைக்கு விடுதல் நன்று என்பது என் கருத்து. பெரியோர் முன்னிலையில் 'இது வளைகின்றது' என்று உரத்துச் சொல்லப் பழகுவது மலையகப் பிள்ளைகளுக்குக் கணிதத்தினும் அரிய பாடம்.

செய்பொருள்களைப் பற்றி விரித்துரைக்க வேண்டியதில்லை. முற்காலத்திற் தேயிலைப் பெட்டியின் ஒட்டுப்பலகை எளிதிற் கிடைத்தது. தேயிலை கடதாசிச் சாக்குகளிற் போகத் தொடங்கிய பின் அதுவும் அருகிற்று. ஐஸ்கிறீம் குச்சியோ, சமமாகச் சீவிய மூங்கிற் சிம்போ போதும். குச்சியின் நீளம் போதாவிடின், மேற்கண்ட சட்டத்தையே அதற்கேற்பச் சிறிதாக்கிக் கொள்க. கோல்கள் யாவும் ஒத்த நீளமாயிருக்கும்வரை தகைப்புக் கணக்கு மாறாது. ஆயின் இரண்டு நுட்பங்கள் கவனிக்கத்தக்கன. உதைப்புக் கோலுக்கு இரு குச்சிகளைத் தட்டையாக ஒன்றன்மேல் ஒன்றாக முழுநீளமும் ஒட்டுதல் வேண்டும். தனித்தனியே நிற்கும் இரு குச்சிகள் ஒன்றைப்போல் இருமடங்கு தாங்கும். நன்கு ஒட்டிய இரண்டோ மெல்லிய புறத்தில் எண்மடங்கு தாங்கும். அடுத்தது, மூட்டு. இழுவைக்கோல் தானே அறுவது அரிது; மூட்டிலுள்ள பசையிலிருந்து உருவி வருவதே பெரும்பான்மை. மூட்டின் இருபுறமும் சிறு பலகைத் துண்டு வைத்து மரப்பசை பூசி, ஒரு நாள் முழுதும் உலரவிடுக. மலைக்குளிரிலும் ஈரத்திலும் பசை தாமதித்தே இறுகும்; கண்காட்சிக்கு முதல் நாளிரவு ஒட்டிய பாலம் காலையில் ஏமாற்றும்.

பக்கச் சட்டம் இரண்டையும் நிமிர்த்தி மேலும் கீழும் குறுக்குக் கோல்களால் இணைத்து, அக்குறுக்குத் தளங்களையும் முக்கோணமாக்குதல் வேண்டும். இல்லையேல் மேற்கோல்கள் இரண்டும் ஒருங்கே பக்கவாட்டிற் சாய்ந்துவிடும்.

பேராதனையிலே, 1830களில், மகாவலிக்குக் குறுக்கே முழுதும் முதிரை மரத்தால் 205 அடி அகலத்துக்கு ஒரே வளைவாகப் பாலம் அமைந்திருந்தது. அதனை வகுத்தவர் பிரேசர் என்னும் படைத்துறைப் பொறியியலாளர். 1905 வரை அது நின்றது. வளைவுப் பாலத்தில் மரங்கள் யாவும் ஒன்றையொன்று உதைத்து நிற்பதால் இழுவை மூட்டுக்களுக்குப் பெரும்பாலும் வேலையில்லை. சட்டப்படலில் இழுவையும் உண்டு. ஆதலினாலேயே மூட்டில் இத்துணைக் கவனம்.

இழுவையையும் உதைப்பையும் உடம்பால் உணர விரும்புவோருக்கு வேறொரு வழியுண்டு. ஸ்கொத்லாந்தின் போர்த் பாலம் கட்டப்பட்ட காலத்தில், 1887 இல், பெஞ்சமின் பேக்கர் என்னும் பொறியியலாளர் ஒரு காட்சி நடத்தினார். இருவர் நாற்காலிகளில் இடைவிட்டு அமர்ந்து கைகளை விரித்தனர். கையிற் பிடித்த கோல்களின் அடி நாற்காலியில் ஊன்றியது. வெளிப்புறக் கைகள் செங்கற் சுமையோடு பிணைக்கப்பட்டன. உட்புறக் கோல்களிலே தொங்கிய பலகையில் ஜப்பானியப் பொறியியலாளர் கைச்சி வத்தனபே அமர்ந்தார். கைகள் இழுவை, கோல்கள் உதைப்பு. வகுப்பில் மூவரை நிறுத்தி இதனைச் செய்யலாம். நடுவில் அமர்பவன் எடை குறைந்தவனாக இருக்கட்டும்.

சோதனை இவ்வாறு நிகழட்டும். இரு மேசைகளுக்கிடையே பாலத்தை வைத்து, கீழ்மூட்டுக்களிலே கயிற்றால் வாளிகளைக் கட்டி, அரைக் கிலோகிராம் அரைக் கிலோகிராமாக மணல் இடுக. நிறுத்தற்குக் கொழுந்துத் தராசு கிடைக்குமாயின் நன்று. சுமையின் நியாயம் தெரிந்த தராசு நம் தோட்டங்களில் வேறில்லை. நடுக் கீழ்க்கோலுக்கு அருகே அளவுகோலை நிறுத்தி, ஒவ்வொரு சுமைக்கும் பாலம் எத்தனை மில்லிமீற்றர் தாழ்ந்தது என எழுதுக. வாளி விழும் இடத்தில் மணற்சாக்கு இட்டு, கால்களை அகற்றி, கண்ணுக்குக் கண்ணாடி அணிக. தொடக்கத்திற் சுமையும் தாழ்வும் ஒத்த விகிதத்தில் ஏறும். ஒரு கட்டத்தில் சுமை சிறிது ஏறத் தாழ்வு மிக ஏறும். அப்போது மேற்கோலை ஒரு முனையிலிருந்து நெடுக நோக்குக. நெளிவு கண்ணுக்குப் புலப்படும். பார்வையாளன் கையுயர்த்த, சுமையை நிறுத்தி, வளைவை அளந்து எழுதியபின், யாவரும் விலகி நின்று முறியும்வரை மணல் இடுக.

கித்துல்கலையில் 1957 ஆம் ஆண்டின் 'குவாய் ஆற்றுப் பாலம்' என்னும் திரைப்படத்துக்காகக் களனி கங்கையின் மேல் மரப்பாலம் கட்டி வெடிவைத்துத் தகர்த்த செய்தியைப் பழைய மாணவர் அறிவர். அது கண்ணுக்கு விருந்து. மாணாக்கர் முறிக்கும் பாலமோ மெல்ல முறிய வேண்டும். எந்தக் கோல், எந்தச் சுமையில், எத்திசையில் என்பன எழுத்தில் நிற்க வேண்டும்.

முறிந்ததும் வேலை முடிந்ததன்று. முறிந்த கோலை மட்டும் வலுப்படுத்தி மீண்டும் சோதித்தல் வேண்டும். இவ்வழியைப் பெரிய அளவிற் காட்டியவர் வில்லியம் பேர்பேண். வேல்ஸ் நாட்டில் ரொபட் ஸ்டீவன்சன் கட்டவிருந்த பிரித்தானியா குழாய்ப் பாலத்துக்காக, ஆறிலொரு பங்கு அளவில், 75 அடி நீளமான இரும்புக் குழாய் மாதிரி ஒன்றைச் செய்து, முறித்து, முறிந்த இடத்தைத் திருத்தி, மீளவும் முறித்தார். முதலில் ஏறத்தாழ 35 தொன் சுமையிற் கெட்ட மாதிரி, சிறிதளவே இரும்பு கூட்டியபின் இறுதியில் 86 தொன் தாங்கிற்று. அதற்கு முந்திய சிறு சோதனைகளில் அவர் கண்ட புதுமை யாதெனில், மெல்லிய குழாய்கள் கீழே அறுவதன் முன் மேற்புறத்தில் மடிந்து கெட்டன என்பதே. அந்த ஈர்க்கின் கதையே அங்கும். பாலம் 1850 இல் திறக்கப்பட்டது.

மாதிரி தாங்கிய சுமையைப் பெருக்கிப் பெரிய பாலத்துக்குக் கணக்கிடுதல் தவறு என்பதை மாணாக்கர்க்குச் சொல்லியே தீர வேண்டும். எல்லா அளவும் பத்து மடங்கானால் கோலின் வெட்டுமுகம் நூறு மடங்காகும். எடையோ ஆயிரம் மடங்காகும். கலிலியோ 1638 இல் எழுதிய உண்மை இது. பாலம் பெரிதாகப் பெரிதாக அதன் வலிமை பிறர் சுமைக்கன்றித் தன் சுமைக்கே செலவாகும்.

கனடாவின் ஒக்கனாகன் கல்லூரியில் 1983 முதல் மாணாக்கர் ஸ்பகெட்டி என்னும் மாவிழையாற் பாலம் செய்து போட்டியிட்டு வந்தனர். 2009 இல் ஹங்கேரியிலிருந்து வந்த மாணாக்கர் இருவரின் பாலம், தான் ஒரு கிலோகிராமுக்கும் குறைந்த எடையதாய், ஒரு மீற்றர் இடைவெளியில் 443.58 கிலோகிராம் தாங்கிற்று. உணவுப் பொருளை இவ்வாறு செலவிடுதல் நமக்கு ஒவ்வாதெனினும், உடையும் மாவிழையையும் மூட்டும் முக்கோணமும் எவ்வளவுக்கு உயர்த்துகின்றன என்பதற்கு அது சான்று.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த வெள்ளமும் மண்சரிவும் மலையகத்தின் பாதைகளையும் பாலங்களையும் துண்டித்தபோது, இந்தியாவிலிருந்து விமானத்திற் கொண்டுவரப்பட்ட பொருள்களுட் பெய்லி பாலத்தின் பகுதிகளும் இருந்தன. மாதிரிப் பாலங்கள் செய்து பார்ப்பதைப் பொழுதுபோக்காகக் கொண்ட டொனால்ட் பெய்லி என்னும் ஆங்கிலேயர் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் வகுத்த சட்டப்படல் அது. 1941 இல் முதன்முதலாகச் சோதிக்கப்பட்டது. பத்தடி நீளமும் ஏறத்தாழ ஐந்தடி உயரமும் உடைய உருக்குச் சட்டம் ஒவ்வொன்றும் அறுவர் தூக்கும் எடையது. ஒன்றோடொன்றை முளையாற் பூட்டிக் கரையிலிருந்தே ஆற்றின் மேல் தள்ளிக்கொண்டு போகலாம். சுமை மிகுமாயின் சட்டத்தின் பக்கத்தே மற்றொரு சட்டம், அதன் மேலே இன்னொன்று என அடுக்கலாம். அவ்வாறான பாலம் ஒன்று நம் பக்கத்தில் எங்கேனும் இடப்படுமாயின், மாணாக்கரை அழைத்துச் சென்று, வண்டி ஏறும்போது எக்கோல் இழுபடுகின்றது, எக்கோல் உதைபடுகின்றது என்று எழுதிவரச் செய்க.